கண்ணோடு நின்ற வெள்ளை

தப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களை உலகம் மன்னித்துவிடும். "பாவம், தெரியாமச் சொல்லிருச்சு" என்று ஒரு தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுக்கும். சரியாகச் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் பாடுதான் மோசம். அவர்களுக்கு மன்னிப்பும் இல்லை, தேத்தண்ணியும் இல்லை. வாழ்நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு திரிய வேண்டியதுதான். நான் அந்த இரண்டாவது ரகம்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டால் கோபம் ஆறிவிடும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். (அவருக்கு என்ன, சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.) இன்னும் விஷயத்துக்கே வரவில்லை, அதற்குள் எனக்குக் காது சுடுகிறது.

நாங்கள் இருந்தது தெரணியகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அம்மா கொழுந்து எடுப்பாள். அப்பா ஃபேக்டரியில் வேலை. அக்கா மாலா கலியாணம் கட்டிப் பக்கத்து லயத்திலேயே இருந்தாள். (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர்.) நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, கழுத்தில் ஒரு ஓட்டை பைனாகுலரை மாட்டிக்கொண்டு, மலை மலையாகக் குருவி பார்த்துத் திரிந்தேன். அதில் ஒரு கண்ணாடி வழியாகத்தான் ஏதாவது தெரியும். இன்னொன்றில் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஆனாலும் அதை மாட்டிக்கொண்டு நடக்கும்போது என் நடை இருக்கிறதே, தோட்டத்தை விலைக்கு வாங்க வந்தவள் மாதிரி இருக்குமாம். அக்கா இன்றைக்கும் நடந்து காட்டுகிறாள்.

என்னிடம் ஒரு பறவைப் புத்தகமும் இருந்தது. தெரணியகலை பஜாரில் பழைய பேப்பர் கடையில் கிடைத்த இங்கிலீஷ் புத்தகம். அதில் முன்பாதிதான் மிச்சம். பின்பாதியைக் கறையான் தின்றுவிட்டது. இந்தப் புத்தகங்களில் கடல் பறவையும் நீர்ப் பறவையும்தான் முதலில் வரும், காட்டுக் குருவிகள் எல்லாம் பின்னால். ஆக, எங்கள் வீட்டு வாசலில் கத்தும் குருவிகள் அத்தனையும் கறையான் வயிற்றில். எனக்கு மிஞ்சியது கடல்.

கடலையே நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன், பள்ளிக்கூட சுற்றுலாவில். அன்றைக்குக் கரையில் இருந்த பறவை எல்லாம் காக்கா. ஆனாலும் அந்தப் பாதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆலா என்கிற கடல் பறவையில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஜாதிக்கு நானே தமிழில் பெயர் கூட வைத்திருந்தேன். ஒன்று கரி ஆலா. மற்றது கடிவாள ஆலா. கடிவாள ஆலா, மழைக்காலத்தில் கரைப் பக்கம் அடிக்கடி ஒதுங்கும். கரி ஆலா நம் பக்கம் அபூர்வம். நடுக்கடலிலேயே வாழ்ந்து, நடுக்கடலிலேயே பறந்துகொண்டு தூங்கும் ஜாதி. இதையெல்லாம் அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன்.

இப்படி இருக்கையில், பக்கத்துத் தோட்டத்தின் பழைய துரை பங்களாவை ஹோட்டல் ஆக்கினார்கள். வருகிற வெள்ளைக்காரர்களைக் காட்டுக்குள் கூட்டிப் போய்ப் பறவை காட்ட ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். நான் போனேன். நேர்காணலில் இரண்டு பேர். ஒருவர் ஹோட்டல் மேனேஜர் மிஸ். மற்றவர் கொழும்பிலிருந்து வந்த பறவை நிபுணர். அவர் கேமராவில் மாட்டியிருந்த லென்ஸ் அவ்வளவு பெரியது, அதைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் நடப்பார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் லென்ஸ் மாத்தையா. (மாத்தையா என்றால் சிங்களத்தில் ஐயா.)

"நங்கி," என்றார் சிங்களத்தில். (தங்கச்சி என்கிறாராம். அந்த முகத்தில் ஒரு அண்ணனும் இல்லை.) "உனக்கு எந்தப் பறவைகள் நன்றாகத் தெரியும்?"

புத்தி உள்ளவள் என்றால் என்ன சொல்லியிருப்பாள்? மலையில் பார்த்ததைச் சொல்லியிருப்பாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்: "கடல் பறவைகள், சேர்."

அவர் சிரித்த சிரிப்பில் லென்ஸ் குலுங்கியது. மிஸ்ஸும் சிரித்தாள். நான் விடவில்லை. கரி ஆலாவுக்கும் கடிவாள ஆலாவுக்கும் என்ன வித்தியாசம் என்று, யாரும் கேட்காமலே, இங்கிலீஷில் ஒப்பித்தேன். மூச்சு விட நிறுத்தியபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"சரி நங்கி. தெரணியகலைக்குக் கடல் பறவை வருகிற அன்றைக்கு எனக்குப் போன் போடு. நீ சொல்லும் பெயர் சரியாக இருந்தால் வேலை உனக்குத்தான். மிஸ் சாட்சி."

மிஸ் தலையை ஆட்டினாள். நான் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"அப்ப வேல இல்லன்னு சொல்லிட்டாங்க. திங்கக்கெழம மாமாகூடக் கொழும்புக்குக் கெளம்பு. பொறக்கோட்டையில புடவக் கடையில ஆள் கேக்குறாங்களாம்."

"இல்லப்பா, கடல் பறவை வந்தா..."

"கடல் இங்க வந்தா அப்பறம் பாப்போம். பைய எடுத்து வையி."

பை கட்டியாகிவிட்டது. அந்த வாரம்தான் மழை பிடித்தது. மழை என்றால் சும்மா மழை இல்லை, காற்றும் சேர்ந்து வந்து கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்கியது. மேலே கல் தூக்கி வைத்தோம், கல்லும் ஆடியது. மலையில் வேலை நிறுத்திவிட்டார்கள். கரண்ட் போய், என் போன் செத்துக் கிடந்தது. (போன் செத்ததை நினைவில் வையுங்கள். அது மட்டும் உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

சனிக்கிழமை காலையில் அம்மா வெளியிலிருந்து கத்தினாள்.

"செல்வி! ஏய் செல்வி! கோழிக் கூட்டுல என்னமோ வந்து உக்காந்திருக்கு. காக்காவும் இல்ல, புறாவும் இல்ல. ஓடியா!"

ஓடினேன். அடைக்கோழி ஒரு மூலையில் சிலிர்த்துக்கொண்டு நிற்க, இன்னொரு மூலையில், நீளமான சிறகை மடிக்கவும் தெம்பில்லாமல், அது உட்கார்ந்திருந்தது. மேலே கறுப்பு, கீழே வெள்ளை. ஊசி மாதிரி கறுப்பு அலகு, பிளந்த வால், நெற்றியில் வெள்ளை. என் காலில் செருப்பு இல்லை, தலையில் குடை இல்லை. கோழி எச்சத்தில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

காற்று அதைக் கடலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கோழிக் கூட்டில் போட்டிருக்கிறது. இத்தனை மலை, இத்தனை தோட்டம் இருக்க, எங்கள் கூட்டில்.

உள்ளே தூக்கி வந்து, அம்மாவின் பழைய கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து அதற்குள் விட்டு, அடுப்புப் பக்கம் வைத்தோம். காயட்டும் என்று காத்திருந்து, கதவைத் திறந்து வைத்து, வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தேன்.

படிக்கிறவர்கள் இந்த ஓர் இடத்தில் மட்டும் பொறுமையாக இருக்க வேண்டும். என் வாழ்க்கையே இதில்தான் கெட்டது. இரண்டு ஆலாவுக்கும் கறுப்புத் தொப்பி, இரண்டுக்கும் நெற்றியில் வெள்ளை. கடிவாள ஆலாவுக்கு அந்த வெள்ளை, புருவம் மாதிரி ஒல்லியாக நீண்டு, கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். கரி ஆலாவுக்கு வெள்ளை அகலமாக இருக்கும், ஆனால் கண்ணோடு நின்றுவிடும். இன்னொன்று, கடிவாள ஆலாவின் முதுகு பழுப்புச் சாம்பல். தொப்பிக்கும் முதுகுக்கும் நடுவில் கழுத்தில் வெளிறித் தெரியும். கரி ஆலாவுக்குத் தொப்பியும் முதுகும் ஒரே கறுப்பு.

எங்கள் கூடைக்குள் இருந்ததற்கு வெள்ளை கண்ணோடு நின்றது. இரண்டு பக்கமும் பார்த்தேன், நின்றது. முதுகு காய்ந்த பிறகும் கறுப்பு. கழுத்தில் வெளிறல் இல்லை. கரி ஆலா. நூற்றுக்கு நூறு கரி ஆலா. போன் உயிரோடு இருந்திருந்தால் அப்போதே ஒரு படம் எடுத்திருப்பேன்.

"சாப்புட ஏதாச்சும் குடுப்பமா?" என்றாள் அம்மா.

"மீன்தான் தின்னும்."

அம்மா நெத்தலிக் கருவாட்டைத் தண்ணீரில் ஊறப் போட்டு நீட்டினாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. "கடல்ல இருந்து வந்துட்டு உப்புப் புடிக்காதாமே," என்று அம்மாவுக்கு வருத்தம். நான் அலகைத் திறந்து இரண்டு நெத்தலியை உள்ளே தள்ளினேன். போய்விட்டது. அந்த நெத்தலி பின்னால் திரும்பி வரும்.

அக்காவின் போனில் கடைசிக் கோடு சார்ஜ் இருந்தது. "ரெண்டு வார்த்த பேசிட்டு வையி, ஒன் மச்சான் கூப்புடுவாரு," என்று முறைத்துக்கொண்டே கொடுத்தாள். நல்ல காலம், லென்ஸ் மாத்தையா அன்றைக்கு ஹோட்டலில்தான் இருந்தார். (நல்ல காலமாம்!)

"சேர், செல்வி பேசுறேன். கடல் பறவை வந்திருக்கு. கரி ஆலா." அதை இங்கிலீஷ் பெயரில்தான் சொன்னேன்.

"அது கடிவாள ஆலாவாக இருக்கும் நங்கி. புயலில் அதுதான் வரும். புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஏமாறுவார்கள்."

"இல்ல சேர். வெள்ள கண்ணோட நிக்குது."

"நிச்சயமாகவா?"

"நிச்சயமா சேர்."

"அப்படி இருந்தால் வேலை உனக்குத்தான். வருகிறேன்." போன் செத்தது. அக்கா என்னைத் திட்டியது எதுவும் காதில் விழவில்லை.

லயத்துக்கு வரும் ரோட்டில் மண் சரிந்திருந்தது. ஜீப் கீழ் வளைவு வரைதான் வரும். நான் போய்க் கூட்டி வர வேண்டும். கிளம்பும்போது அம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"யாரும் கூடையத் தெறக்கக் கூடாது. சாப்பாடு குடுக்கக் கூடாது. வேடிக்க பாக்கப் புள்ளைங்கள விடக் கூடாது. வெளங்குதா?"

"நான் எதுக்குடி தெறக்கப் போறேன்? நீ போயிட்டு வா. நல்லதே நடக்கும்," என்றாள் அம்மா. அந்த முகத்தில் அப்படி ஒரு கனிவு. அதைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

லென்ஸ் மாத்தையாவையும் மேனேஜர் மிஸ்ஸையும் கூட்டிக்கொண்டு மேலே வந்தேன். வழியெல்லாம் மிஸ் அட்டையைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்துகொண்டு வந்தாள். மாத்தையா லென்ஸுக்கு மழைக்கோட்டுப் போட்டிருந்தார், தான் நனைந்துகொண்டு வந்தார். நான் பேசிக்கொண்டே வந்தேன். வேலைக்கு எப்போது வரலாம், சீருடை உண்டா என்றெல்லாம் கேட்டேன். ஆமாம், சீருடை! அதைச் சொல்லித்தான் அக்கா இன்னும் உருண்டு சிரிக்கிறாள்.

எங்கள் காம்பரா அறைக்குள் இருட்டு. அடுப்புப் புகை வேறு. அம்மா கண்டாங்கி மாற்றிக் கட்டி, தலை வாரி, கலியாண வீட்டுக்காரி மாதிரி நின்றுகொண்டிருந்தாள். மாத்தையா டோர்ச் அடிக்க, நான் ஒரு ராணியின் பெருமிதத்தோடு கூடையைத் தூக்கினேன்.

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மிஸ்ஸைப் பார்த்துச் சிரித்தார்.

"பாருங்கள் மிஸ். வெள்ளைக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகிறது. கடிவாள ஆலா."

நான் எட்டிப் பார்த்தேன். தாண்டிப் போயிருந்தது.

இரண்டு பக்கமும். அளவாக, நேராக, கண்ணுக்குப் பின்னால் வெள்ளைக் கோடு. காலையில் இல்லாத கோடு. பறவைக்கு அரை நாளில் புருவம் முளைக்குமா? முளைக்காது என்று அந்தப் பாதிப் புத்தகத்தில் எங்கும் போட்டிருக்கவில்லை.

"சேர், முதுகப் பாருங்க. கறுப்பு."

"நனைந்திருக்கிறது."

"காஞ்சிருச்சு சேர். அடுப்புக்கிட்டதான் இருந்துச்சு."

"இருட்டில் எல்லாம் கறுப்புதான் நங்கி."

"கழுத்துல வெளிறல் இல்லையே சேர்?"

"கழுத்தைச் சுருக்கிக்கொண்டிருக்கிறது. எப்படித் தெரியும்?"

நான் கிட்டப் போய்த் தொடப் பார்த்தேன். "எப்பா! எப்பா!" என்று, வேண்டாம் என்பதைச் சிங்களத்தில் கத்தினார். "காட்டுப் பறவையைக் கையால் தொடவே கூடாது. அதிர்ச்சியில் செத்துப் போகும். இது கூடத் தெரியாமலா வேலை கேட்டாய்?" நான் கையை எடுத்துக்கொண்டேன். ஒரு விரல். ஒரே ஒரு விரலை அதன் நெற்றியில் வைத்திருந்தால் போதும். நான்தான் ஒழுக்கமான மாணவி ஆயிற்றே, எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் அம்மா, இரண்டு கோப்பையில் தேத்தண்ணியோடு வந்து, வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்:

"நெத்தியப் பாருங்க சேர். எவ்வளவு லெட்சணமா இருக்கு!"

"ஆமா அம்மா. நெத்தி பாத்தேன். நல்ல நெத்தி," என்றார் மாத்தையா, தனக்குத் தெரிந்த தமிழில். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அவர்கள் பேசிய சிங்களமும் இங்கிலீஷும் அவளுக்கு ஓடவில்லை. மாத்தையா சிரித்ததைப் பார்த்து, எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டாள்.

அவர் சடசடவென்று படம் எடுத்தார். பிறகு தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, ஆசை எப்படிக் கண்ணை மறைக்கிறது என்று மிஸ்ஸுக்கு ஒரு பாடம் நடத்தினார். பார்க்க விரும்புவதைத்தான் இந்தப் பிள்ளைகள் பார்க்கிறார்களாம். அபூர்வப் பறவை என்றால் கொழும்புக்குக் கொண்டுபோயிருப்பாராம். இது சாதாரணம், மழை விட்டதும் மேட்டில் கொண்டுபோய் விட்டால் தானே பறந்துவிடுமாம். போகும்போது என் தோளைத் தட்டி, "மனதில் வைத்துக்கொள்ளாதே நங்கி. புடவைக் கடையும் நல்ல வேலைதான்," என்றார். வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த வழியில் அதையும் நான்தான் உளறியிருந்தேன்.

அவர்கள் இறங்கிப் போனார்கள். நான் பறவையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கூரைத் தகரத்திலிருந்து விழுந்த தண்ணீர் நேராக அதன் தலையில் விழுந்தது. அது தலையை ஒரு உதறு உதறியது. என் கையில் ஒரு சொட்டு விழுந்தது. வெள்ளைச் சொட்டு.

முகர்ந்து பார்த்தேன். விபூதி.

"அம்மா!"

"என்னாடி?"

"நீ இதுக்கு என்னா பண்ணுன?"

"கூடையத் தெறக்கலடி. லேசாத் தூக்குனேன், அவ்வளவுதான்."

"தூக்கி?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, நல்ல காரியம் செய்தவளின் அடக்கத்தோடு சொன்னாள்: "நெத்தியில பட்ட பாதியில நிக்குதுடி. யாரோ போட ஆரம்பிச்சுட்டு விட்டுட்டுப் போன மாதிரி. பெரியவங்க நாலு பேர் வர்ற நேரத்துல, பாதிப் பட்டையோட உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? கொழச்சு, ரெண்டு பக்கமும் இழுத்து விட்டேன்."

"கடவுள் போட்டதே அவ்வளவுதாம்மா!"

"கடவுளுக்கு ஆயிரம் வேல. நாம முடிச்சு வச்சா என்னா கொறஞ்சு போச்சு?"

பிள்ளைகளுக்கும் சாமிக்கும் ஆயுள் முழுக்கப் பட்டை போட்ட கை அது, கோடு பிசகுமா? கோழியைப் பிடிக்கிற பிடியில் அதைப் பிடித்து, ஈரத்தில் நிற்க வேண்டும் என்று குழைத்துப் போட்டிருக்கிறாள். கடல் பறவைக்கு இதைவிடச் சுத்தமாகப் புருவம் வரைய அந்தக் கடவுளாலும் முடியாது.

"ஒனக்கு வேல கெடைக்கணும்னு மாரியாத்தாவ வேண்டிக்கிட்டுத்தானே போட்டேன்," என்றாள் அம்மா. திட்டத்தான் நினைத்தேன், மாரியாத்தா பெயரைக் கேட்டதும் விட்டுவிட்டேன். அன்றைக்குத் திட்டாத அந்தத் திட்டைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதன் நெற்றியைப் பார்த்தேன். மழை பட்டையைக் கழுவிக்கொண்டிருந்தது. வெள்ளை, கண்ணோடு நின்றது.

கீழே ஜீப் உறுமும் சத்தம் கேட்டது. அந்த ஒல்லி ரோட்டில் திருப்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தார்கள். நான் பறவையைக் கூடைக்குள் வைத்து, கொழுந்து எடுக்கப் போகும்போது அம்மா இடுப்பில் கட்டும் படங்குத் துணியால் மூடி, குறுக்கே தேயிலை மலைக்குள் இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி ஓடினேன், பாதி உட்கார்ந்தபடி வழுக்கினேன், ஒரு தண்ணீர்க் கானுக்குள் இடுப்பளவு விழுந்தேன். கூடையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். மேலே வாசலில் நின்று அம்மா, "பாத்துப் போ! பாத்துப் போ!" என்று கத்தினாள். பக்கத்து லயமே வெளியே வந்து நின்றது.

ஜீப்புக்கு முன்னால் போய் நின்றேன். கண்ணைத் தவிர மற்ற இடமெல்லாம் சேறு.

"சேர்! எறங்குங்க! நெத்தி! நெத்தியப் பாருங்க! அது விபூதி!"

மாத்தையா இறங்கினார். மிஸ்ஸும் இறங்கினாள். "என்ன?"

"எங்க அம்மா பறவைக்கு விபூதி பூசிட்டாங்க சேர்! இப்ப கழுவிருச்சு! பாருங்க!"

படங்கை விலக்கினேன். அவர் குனிவதற்குள் ஒரு காற்று வந்தது. அதுவரைக்கும் செத்தது போலக் கிடந்த அந்தச் சனியன், சிறகை விரித்து, ஒரே சிறகடிப்பில் மேலே எழும்பி, அவர் தலைக்கு நேர் மேலே வட்டமடித்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். வெள்ளை வயிறு, கறுப்பு ஓரம்.

கீழே நின்று பார்த்தால் இரண்டு ஆலாவும் ஒன்றுதான்.

அது எங்கள் நெத்தலியை அப்படியே கக்கிவிட்டுப் போனது. மழைக்கோட்டை அப்போதுதான் கழற்றியிருந்த லென்ஸின் மேல். அதற்கு அப்புறம் மாத்தையா என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பாரா? கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, "உன் அம்மா பறவைக்கு விபூதி பூசினாள். அதனால்தான் நீ சொன்னது சரி. அப்படித்தானே?" என்றார். மிஸ் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் விரலைக் காட்டினேன், விரலிலும் சேறு.

திங்கட்கிழமை நான் புறக்கோட்டைக்குப் போனேன்.

அதோடு விட்டார்களா? மாத்தையா அந்தப் படத்தைப் பறவைக்காரர்களின் இணையக் குழுவில் போட்டார். "கடிவாள ஆலா, தெரணியகலை மலை, கண்ணைத் தாண்டும் வெள்ளைப் புருவத்தைக் கவனிக்கவும்." புடவைக் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்த்தேன். சோற்றுக் கையோடு பதில் போட்டேன்: "அது புருவம் இல்லை. விபூதி. உற்றுப் பாருங்கள், விரல் தடம் தெரியும்." சிரிக்கும் பொம்மைகளாக வந்து குவிந்தன. ஒருவர் மட்டும் மரியாதையாக, "சகோதரி, பறவைக்கு யார் விபூதி பூசுவார்கள்?" என்று கேட்டிருந்தார். யார் பூசுவார்கள்! அன்றைக்கு அவர் முகவரி மட்டும் கிடைத்திருந்தால் அம்மாவையே நேரில் அனுப்பியிருப்பேன்.

புடவைக் கடை எனக்கு ஒத்து வரவில்லை. வருகிறவர்களிடம் கரும்பச்சைக்கும் பாசிப்பச்சைக்கும் வித்தியாசம் சொல்லிச் சண்டை போட்டேன். பிறகு எப்படியோ சுற்றி, தெற்குக் கரையில் திமிங்கிலம் காட்டும் ஒரு படகில் வழிகாட்டி வேலைக்குச் சேர்ந்தேன், அதில்தான் இருக்கிறேன். ஆலாக்கள் தலைக்கு மேலே போகும். "என்ன பறவை?" என்று பயணிகள் கேட்பார்கள். "கீழே இருந்து சொல்ல முடியாது," என்பேன். அப்படிச் சொல்லும்போது என் முகம் ஏன் இப்படிப் போகிறது என்று படகோட்டிக்கு இன்னும் விளங்கவில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை நெற்றி நிறையப் பட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தார். அப்பா எல்லார் முன்னாலும், "செல்வி, தண்ணி கொண்டா, கழுவிப் பாத்துட்டுச் சொல்லலாம்," என்றார். எங்கள் பக்கம் மொத்தமும் சிரித்து உருண்டது, அவர்கள் பக்கம் எழுந்து போகப் பார்த்தது. குளிக்கப் போனவர் அவர்தான்.

படத்தின் கதை இன்னும் முடியவில்லை. அக்கா அதைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக் கண்ணாடி போட்டுக் கொடுத்தாள், வேண்டுமென்றே. அம்மா அதைச் சாமித் தட்டில், மாரியம்மனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். "வீடு தேடி வந்த பறவ," என்கிறாள். நான் லீவில் போனபோது கண்ணாடியைக் கழற்றி, கறுப்பு மார்க்கரால் அந்தப் பொய்ப் புருவத்தை இரண்டு பக்கமும் அடித்து, வெள்ளையைக் கண்ணோடு நிறுத்திவிட்டு, திரும்ப மாட்டினேன். மனதுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா விளக்கேற்றினாள். சாமிகளுக்கெல்லாம் வரிசையாகப் பட்டை போட்டாள். கடைசியில் பறவையிடம் வந்து, உற்றுப் பார்த்து, "பாரேன், மறுபடியும் பாதியில நிக்குது," என்று சொல்லி, கண்ணாடி மேலேயே இரண்டு பக்கமும் இழுத்து முடித்து வைத்தாள்.

லீவில் போகும்போதெல்லாம் சனிக்கிழமை காலையில் எழுந்ததும் நான் அதைத் துடைக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் போடுகிறாள். போன வாரம் கூட, நான் துணியோடு நிற்பதைப் பார்த்துவிட்டு அடுப்படியிலிருந்து கேட்டாள்:

"ஏன்டி அழிக்கிற? அத வச்சித்தானே ஒனக்குக் கடல்ல வேல கெடச்சுச்சு?"